ஆர்சனல் மேலாளர் ஆர்டெட்டாவின் பலமும் பலவீனமும்: முன்னிலை பெற்ற பிறகு நமக்கு என்ன நேர்கிறது?

கணக்கன்

இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 2024-25 சீசன் முடிந்துவிட்டது. 38 ஆட்டங்களில் 20 வெற்றி, 14 சமன், 4 தோல்வி, 74 புள்ளிகள். தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக ஆர்சனலுக்கு இரண்டாம் இடம். லிவர்பூல் 10 புள்ளிகள் மேலே நின்று கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. மிக்கேல் ஆர்டெட்டா இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்ற சண்டையை நான் இங்கே இழுக்கவில்லை. ஐந்தரை ஆண்டுகளாக ஒருவருடைய வேலையைப் பார்த்துவந்திருக்கிறோம்; அவருக்கு எது கைவந்திருக்கிறது, எது இன்னும் கைவரவில்லை என்று நிதானமாகச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் கணக்கை முதலில் வைக்கிறேன். இந்த ஆண்டு லீக்கிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணி நாம்தான், வெறும் 34. அப்படிப்பட்ட தற்காப்பு இருந்தும் 14 ஆட்டங்கள் ஏன் சமனில் முடிந்தன என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவற்றில் 9 ஆட்டங்களில் ஏதாவது ஒரு கட்டத்தில் நாம் முன்னிலையில் இருந்திருக்கிறோம்: பிரைட்டனுடன் இரண்டு முறையும், மான்செஸ்டர் சிட்டி, செல்சி, எவர்ட்டன் ஆகியவற்றின் திடல்களிலும், நம் திடலில் லிவர்பூல், ஆஸ்டன் வில்லா, பிரென்ட்ஃபோர்ட், கிரிஸ்டல் பேலஸ் ஆகிய அணிகளுடனும். மே மாதம் முன்னிலை பெற்ற பிறகு போர்ன்மத்திடம் 1-2 என்று தோற்றதையும் சேர்த்தால், சமனுக்கு இரண்டு, தோல்விக்கு மூன்று என்று கையில் வந்து நழுவியவை 21 புள்ளிகள். நாம் கோப்பையை இழந்ததோ 10 புள்ளிகளில்.

முன்னிலை பெறும் அளவுக்கு அணியைத் தயார் செய்கிறார், பெற்ற முன்னிலையைக் கரை சேர்க்கத் தெரியவில்லை என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

ஹைபரி காலத்தவர்

தம்பி கணக்கன், எண்கள் சரிதான். ஆனால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் அவர் வந்தபோது அணியில் கட்டுப்பாடு என்பதே இல்லை. அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததும் இல்லை. சிட்டியில் மேலாளர் குவார்டியோலாவுக்கு உதவியாளராக மூன்றரை ஆண்டுகள் இருந்தவர், அவ்வளவுதான். முதல் இரண்டு சீசன்களிலும் எட்டாம் இடம். 2021-22இல் ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாமல் கால் நூற்றாண்டில் முதல் முறையாக வெளியே நின்றோம். அந்த சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் பிரென்ட்ஃபோர்டிடம் 0-2, செல்சியிடம் 0-2, சிட்டியிடம் 0-5 என்று தோற்றுப் பட்டியலின் அடியில் கிடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பள்ளத்திலிருந்து 69, 84, 89 புள்ளிகள் என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறி வந்தார். தோல்வியே காணாத நம் 2003-04 அணி எடுத்தது 90 புள்ளிகள். 2023-24 அணி அதற்கு ஒன்று மட்டுமே குறைவு. வெற்றிகளை மட்டும் எண்ணினால் அந்த அணிக்கு 26, இந்த அணிக்கு 28. முன்னாள் மேலாளர் வெங்கரின் அணிகளை, நம் பழைய ஹைபரித் திடலில் ஆடிய நாளிலிருந்து பார்த்துவருகிறவன் நான். இதைச் சொல்வது எனக்கு எளிதில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சிட்டி 91 எடுத்தது. அதற்கு ஆர்டெட்டா என்ன செய்வார்?

மூலைக்கொடி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தனக்கு எது தெரியாது என்று தெரிந்து, அது தெரிந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது ஒரு மேலாளருக்கு உரிய பெரிய பலம். 2021இல் நிக்கோலா ஜோவரை சிட்டியிலிருந்து அழைத்துவந்து, கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்து ஆட்டம் முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டார். அதற்கு முன் நமக்குக் கார்னர் கிடைத்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோவேன். இப்போது எதிரணி ரசிகர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். 2024 செப்டம்பரில் டாட்டன்ஹாமை அவர்கள் திடலிலேயே வென்ற ஒற்றைக் கோல் கார்னரில் கேப்ரியேல் தலையால் அடித்தது. டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வென்றபோது டிம்பரும் சலிபாவும் போட்ட இரண்டு கோல்களும் கார்னரில் வந்தவை.

வீரர்கள் தூரக் கம்பத்தின் பக்கம் கூட்டமாக நின்று, பந்து கிளம்பும் நொடியில் கோல்காப்பாளரின் முகத்துக்கு நேரே ஓடிவருவதும், ஒருவர் மட்டும் அவருக்குக் கைதூக்க இடமில்லாமல் நிற்பதும், ரைஸோ சாகாவோ பந்தை உள்நோக்கி வளைத்து கோலுக்கு முன்னுள்ள ஆறு கஜப் பெட்டிக்குள்ளேயே இறக்குவதும் பல மணி நேரப் பயிற்சியில் வந்த ஒழுங்கு. அதிர்ஷ்டத்தால் இப்படித் திரும்பத் திரும்ப நடக்காது.

எட்டாம் எண்

கார்னரைப் பற்றிய பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பந்தில் கோல் அடிக்க முடியாதபோது கார்னர் ஓர் ஊன்றுகோலாகவே நம்மைத் தாங்கியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-24இல் 91 கோல்கள், இந்த ஆண்டு 69. 22 கோல்கள் எங்கே போயின?

நான் பார்த்தவரை நம் தாக்குதல் வலப்பக்கத்தில்தான் பிறக்கிறது. ஓடேகார்ட், சாகா, பென் ஒயிட் மூவரும் ஒரு முக்கோணமாக நின்று, ஒருவர் இடத்தை மற்றவர் எடுத்துக்கொண்டு எதிரணியை அந்தப் பக்கமே இழுத்துவிடுவார்கள். இடப்பக்கம் இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு முடிவான வடிவத்துக்கு வரவில்லை. 2022-23இல் சின்செங்கோ பின்களத்திலிருந்து நடுக்களத்துக்குள் நுழைந்தார், ஷாகா முன்னே ஏறினார். அது அழகாக இருந்தது. பிறகு ஹாவர்ட்ஸை அங்கே வைத்துப் பார்த்தார், அவர் ஸ்ட்ரைக்கராக மாறியதும் ரைஸை வைத்தார், பிறகு மெரினோ. ஆகவே ஓடேகார்ட் நார்வேக்காக ஆடிக் கணுக்காலில் அடிபட்டு இரண்டு மாதங்கள் இல்லாதபோது, நமக்கு மாற்று வழி என்று ஒன்று இருக்கவில்லை.

ஜனவரியைப் பற்றியும் பேச வேண்டும். சாகா டிசம்பரிலேயே பின்தொடைத் தசை கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். ஜனவரி 12 அன்று யுனைடெட்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஜேசுஸின் முழங்கால் தசைநார் போயிற்று. வீரர் வாங்கும் சாளரம் இன்னும் திறந்தே இருந்தது. ஒருவரையும் வாங்கவில்லை. பிப்ரவரியில் துபாய் முகாமில் ஹாவர்ட்ஸும் விழுந்தார். நடுக்கள வீரரான மெரினோவை ஸ்ட்ரைக்கராக நிறுத்தும் நிலை வந்தது. லெஸ்டரில் அவர் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்ததை ஆர்டெட்டாவின் சாமர்த்தியம் என்று சிலர் கொண்டாடினார்கள். வீட்டில் அரிசி தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருந்த நொய்யில் நன்றாகக் கஞ்சி வைத்தார் என்று பாராட்டுவது போன்றது அது.

பின்களத்தான்

வீரர் வாங்குவது மேலாளரின் வேலை இல்லை, நண்பரே. விளையாட்டு இயக்குநராக இருந்த எடு 2024 நவம்பரிலேயே விலகினார்; ஆண்ட்ரியா பெர்ட்டா பொறுப்பேற்றது மார்ச் இறுதியில். இடையில் வந்த ஜனவரியில் அந்த நாற்காலியில் நிலையாக ஒருவர் இல்லை. அந்தப் பழியை ஆர்டெட்டா தலையில் இறக்குவது நியாயமாகாது.

எட்டாம் எண்

நியாயம்தான் என்பேன். அவர் 2019இல் நியமிக்கப்பட்டது தலைமைப் பயிற்சியாளராக. 2020 செப்டம்பரில் கிளப் அந்தப் பதவியின் பெயரையே மேலாளர் என்று மாற்றியது. அணியைப் பயிற்றுவிப்பதோடு, அணியைக் கட்டுவதிலும் அவருக்குக் குரல் உண்டு என்பதுதான் அந்த மாற்றத்தின் பொருள். ரைஸும் ஒயிட்டும் ராயாவும் வந்தபோது அவருடைய கண் சரியாகப் பார்த்தது என்று புகழ்ந்தோமே, அப்போது ஸ்ட்ரைக்கர் வராததிலும் அதே கண்ணுக்குப் பங்கு இருக்க வேண்டும் அல்லவா? நல்லதில் அவர், கெட்டதில் நிர்வாகம் என்று பிரிக்கும் கணக்கு எனக்குப் புரியவில்லை.

பின்களத்தான்

அந்தப் பெயர் மாற்றத்தை நான் மறந்துவிட்டேன். பாதிப் பங்கை ஏற்கிறேன்.

ஆனால் இந்த விவாதத்தின் தலைப்புக்கு வருகிறேன், ஏனென்றால் கணக்கன் வைத்த 21 புள்ளிகளில்தான் எனக்குப் பெரிய மறுப்பு. எல்லா 21-ஐயும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார். பிரித்துப் பார்ப்போம். எவர்ட்டன் ஏப்ரல் 5. மூன்று நாளில் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட். பிரென்ட்ஃபோர்ட் ஏப்ரல் 12. மாட்ரிட்டுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில். பேலஸ் ஏப்ரல் 23, அடுத்த வாரம் பாரிஸ் அணியுடன் அரையிறுதி. போர்ன்மத் மே 3, பாரிஸுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில். லீக் ஏறத்தாழ கைவிட்டுப்போன பிறகு, சாம்பியன்ஸ் லீக்குக்காகக் கால்களைச் சேமித்துவைத்த நாட்கள் இவை. இந்த நான்கிலும் போனவை 9 புள்ளிகள். அவற்றைக் கழித்தால் மிச்சம் 12.

பிறகு சிவப்பு அட்டைகள். நம் திடலில் பிரைட்டனுடன் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது ரைஸ் வெளியேற்றப்பட்டார். சிட்டியில் 2-1 என்று இருந்தபோது, இடைவேளைக்குச் சற்று முன் ட்ரொசார்ட் வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு பத்துப் பேராக, ஆட்டத்தின் பாதி நேரம் முழுக்க, அந்தத் திடலில், அந்த அணிக்கு எதிராகத் தாக்குப்பிடித்து, கூடுதல் நேரத்தின் 98ஆவது நிமிடத்தில் ஸ்டோன்ஸிடம்தான் கோல் வாங்கினோம். இதை முன்னிலையைக் காக்கத் தெரியாதவர் என்பதற்குச் சான்றாக வைப்பீர்களா? நான் நேர்மாறான சான்றாக வைப்பேன். இந்த இரண்டு ஆட்டங்களில் போன நான்கு புள்ளிகளையும் கழித்தால் மிச்சம் 8 புள்ளிகள், நான்கு ஆட்டங்கள். அதிலும் லிவர்பூல் ஆட்டத்தில் சலிபா தடையில் வெளியே, கேப்ரியேல் காயத்தோடு பாதியில் வெளியே. நடுப் பின்களம் முழுவதும் ஒட்டுப் போட்டது.

இன்னொன்று. முன்னிலையை விடுவது அவருடைய இயல்பு என்றால், 2023-24இல் வெறும் 5 சமன்கள் மட்டும் எப்படி வந்தன? அதே மேலாளர், அதே முறை.

கணக்கன்

பிரித்தது நன்றாக இருக்கிறது. தேதிகளைச் சரிபார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரல், மே மாத ஆட்டங்களை என் மூட்டையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

சிவப்பு அட்டைகளை மட்டும் எடுக்க மாட்டேன். ஆகஸ்ட் 31 அன்று ரைஸ், நின்ற ஆட்டம் மீண்டும் தொடங்கவிருந்தபோது பந்தைத் தட்டிவிட்டதற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கினார். நடுவர் கடுமையாக இருந்தார் என்று நாம் எல்லோரும் கத்தினோம், நானும் கத்தினேன். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 22 அன்று, ட்ரொசார்ட் அதே தவற்றுக்காக, பந்தை உதைத்துத் தள்ளி, அதே இரண்டாவது மஞ்சளை வாங்கினார். முதல் முறை நடுவரின் கடுமை. இரண்டாம் முறை யாருடைய பொறுப்பு? இனி பந்தைத் தொடாதீர்கள் என்று பயிற்சித் திடலில் ஒரு காலை நேரம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. அடுத்த மாதம் போர்ன்மத்தில் சலிபாவும் வெளியேற்றப்பட்டார். அந்த மூன்று ஆட்டங்களில் கிடைத்திருக்கக்கூடிய 9 புள்ளிகளில் நமக்கு வந்தவை 2. எல்லாவற்றையும் நுணுக்கமாகத் திட்டமிடுகிறவர், கார்னரில் எந்த வீரர் எந்த அடியை எடுத்து வைக்க வேண்டும் என்றுவரை சொல்லித்தருகிறவர், இந்தச் சின்ன விஷயத்தில் சறுக்கியது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஹைபரி காலத்தவர்

அதில் தம்பி சொல்வதே சரி.

மூலைக்கொடி

வீரர்களை நடத்தும் விதத்தை யாரும் தொடவில்லை. எனக்கு அவருடைய மிகப் பெரிய பலமும், சற்று அச்சம் தரும் பக்கமும் அங்கேதான் தெரிகின்றன. ஓசிலை ஒதுக்கினார். ஔபமெயாங் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோலும் அடித்துக் கோப்பையை வாங்கித்தந்தவர். ஒழுங்கு மீறினார் என்று 2021 டிசம்பரில் தலைமைப் பட்டையைப் பறித்தார், சில வாரங்களில் அவர் பார்சலோனாவுக்குப் போய்விட்டார். ராம்ஸ்டேல் 2022-23இல் கோப்பைக்காகப் போராடிய அணியின் கோல்காப்பாளர், ரசிகர்களின் செல்லப் பிள்ளை. அடுத்த சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே ராயாவிடம் இடத்தை இழந்தார். அன்று நான் கொதித்தேன். ராயா இரண்டு சீசன்களிலும் கோல் வாங்காத ஆட்டங்கள் அதிகமுள்ள கோல்காப்பாளருக்கான தங்கக் கையுறை விருதில் இடம்பெற்ற பிறகு கொதிப்பதற்கு என்ன இருக்கிறது?

மறுபக்கம் ஷாகாவைப் பாருங்கள். 2019இல் நம் திடலில், நம் ரசிகர்களாலேயே கூச்சலிட்டு விரட்டப்பட்டு, சட்டையைக் கழற்றிவிட்டுப் போனவர். அவரைத் தடுத்து நிறுத்தி, புதிய இடம் கொடுத்து, கடைசி ஆட்டத்தில் அதே ரசிகர்கள் அவர் பெயரைப் பாடும்படி செய்ததும் இதே மனிதர்தான். தேவையில்லாதவர்களிடம் இரக்கமற்றவர், தேவையானவர்களிடம் எல்லையற்ற பொறுமை உள்ளவர். யார் தேவை என்பதை அவர் ஒரு முறை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்வதில்லை என்பதுதான் என் அச்சம். களைத்துப்போன ஓடேகார்டை இந்த ஆண்டு எத்தனை ஆட்டங்களில் உட்கார வைத்திருக்கலாம்?

எட்டாம் எண்

அவர் பேசும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸிடம் 0-1, 1-2 என்று தோற்ற பிறகு, இந்தப் போட்டியில் நம்மைவிடச் சிறந்த அணியைக் காணவில்லை என்ற பொருளில் பேசினார். அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு முன்பே, கடந்த இரண்டு சீசன்களின் புள்ளிகளை வைத்தால் இரண்டு லீக் கோப்பைகள் நமக்கு வந்திருக்கும் என்றும் சொல்லியிருந்தார். இப்படிப் பேசுவது வீரர்களுக்குக் கேடயமாக இருக்கலாம். எனக்கோ அது காதில் நன்றாக விழவில்லை.

கணக்கன்

பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டதால் விட முடியவில்லை. லிவர்பூல் இந்த ஆண்டு எடுத்தது 84. நாம் 2023-24இல் எடுத்த 89 அதைவிட மேல், அதில் சிக்கல் இல்லை. 2022-23இல் நாமும் 84தான். சமமாக இருந்தால் கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும்: நமக்கு 88-க்கு 43, லிவர்பூலுக்கு 86-க்கு 41. இரண்டுமே 45! அடுத்து அடித்த கோல்களை எண்ண வேண்டும். 88 அதிகம், ஆகவே கோப்பை நமக்கு. இரண்டு கோலில் அவருடைய வாதம் பிழைத்துக்கொண்டது. அலமாரியில் வைக்க இது உதவாது என்பது வேறு.

பின்களத்தான்

நானும் ஒரு சான்று தருகிறேன், முன்னிலையைப் பற்றித்தான். ரியல் மாட்ரிட்டை நம் திடலில் 3-0 என்று வென்றோம். ரைஸின் இரண்டு ஃப்ரீ கிக், மெரினோவின் ஒரு கோல். அந்த மூன்று கோல் முன்னிலையைச் சுமந்துகொண்டு அவர்களின் பெர்னபேயூ திடலுக்குப் போனோம். சாகா தொடக்கத்திலேயே பெனால்டியை வீணடித்தார். வேறு அணியாக இருந்தால் நடுங்கியிருக்கும். நாம் பதறாமல் பந்தைச் சுற்றவிட்டு, சாகாவே ஒரு கோல் அடித்து, வினிசியுஸ் சமன் செய்த பிறகும் சாயாமல், கூடுதல் நேரத்தில் மார்ட்டினெல்லி அடிக்க 2-1 என்று வென்றோம். இதைவிடப் பெரிய முன்னிலை, இதைவிடப் பெரிய திடல் வேறு எது? காக்கத் தெரியாதவரா இதைச் செய்தார்?

எட்டாம் எண்

அந்த இரவை நானும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். ஆனால் அங்கே தாக்கியே ஆக வேண்டிய கட்டாயம் மாட்ரிட்டுக்கு இருந்தது. அவர்கள் முன்னே வந்தார்கள், பின்னால் வெளி திறந்தது, சாகாவும் மார்ட்டினெல்லியும் அந்த வெளியில் ஓடினார்கள். லீக்கில் ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது நடப்பது வேறு. செல்சியில் மார்ட்டினெல்லி கோல் அடித்துப் பத்து நிமிடத்தில் நெட்டோ சமன் செய்தார். ஜனவரியில் வில்லாவுடன் 2-0 என்று இருந்து, பத்து நிமிடங்களுக்குள் டீலமன்ஸும் வாட்கின்ஸும் 2-2 ஆக்கினார்கள். நீங்கள் கழித்துக் கழித்து மிச்சம் வைத்த நான்கில் இவை இரண்டு. இவற்றில் சிவப்பு அட்டையும் இல்லை, மாட்ரிட்டும் பக்கத்தில் இல்லை.

இது புதிய நோயும் இல்லை. 2023 ஏப்ரலில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு திடலில் 2-0 என்று இருந்து 2-2. அடுத்த வாரமே வெஸ்ட் ஹாமில் 2-0 என்று இருந்து 2-2. சலிபா இல்லாததுதான் காரணம் என்று அன்று சொன்னோம். வில்லா ஆட்டத்திலும் அவர் இல்லை. சரி, அப்படியானால் ஒருவர் இல்லாதபோது மற்ற பத்துப் பேரையும் பின்னுக்கு இழுப்பதா தீர்வு? கோல் விழுந்ததும் நம் முன்கள வீரர்கள் எதிரணியைக் காலடியிலேயே நெருக்குவதை நிறுத்துகிறார்கள். விங்கர்கள் பின்களத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். முன்னே நிற்க வேண்டிய ஓடேகார்ட் பந்தை வாங்க ரைஸின் பக்கத்துக்கு வந்துவிடுகிறார். ஆட்டத்தை உறையவைக்கத்தான் ஆர்டெட்டா இப்படிச் செய்யச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு எப்படி உறையவைப்பது?

பின்களத்தான்

அது அவர் சொல்லிச் செய்வதா, களைத்த கால்கள் தாமாகச் செய்வதா என்று தொலைக்காட்சியில் பார்த்து நம்மால் சொல்ல முடியுமா? 89 புள்ளி எடுத்த ஆண்டில் இதே ஓடேகார்ட் முன்னிலையில் இருந்தபோதும் முதல் ஆளாக ஓடி நெருக்கினார்.

எட்டாம் எண்

நியாயமான கேள்வி. அவரும் சாகாவும் ஹாவர்ட்ஸும் முழு ஓய்வோடு திரும்புவார்கள். களைப்பு என்ற காரணம் சீசனின் முதல் வாரத்தில் இருக்க முடியாது. ஆகஸ்டில் முதன்முறையாக நாம் 1-0 என்று முன்னிலை பெறும்போது, பந்து இருக்கும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுத்து, ஓடேகார்ட் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கப்போகிறேன். நீங்களும் பாருங்கள்.